ஒரு நோர்வீஜிய வினைச்சொல்லுக்கு நான் கண்ட தமிழ் வேர்

மூத்த மருமகனுக்கென்று சொந்தமாக ஒரு வாழ்க்கை வரலாறு கிடையாது. மாமியார் வீட்டில் கல்யாணப் பேச்சு எழும்பும்போதெல்லாம் அது திருத்தி எழுதப்படும். என் மனைவி வசந்திக்கு ஒரே ஒரு தங்கை என்பதால் என்னுடைய வரலாறு ஒரு திருத்தத்தோடு தப்பியது. இன்னும் இரண்டு தங்கைகள் இருந்திருந்தால் நான் இப்போது நோர்வேயின் முன்னாள் பிரதமர்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நோர்வேயில் பதினொரு வருடம் இருந்தேன். முதல் மூன்று வருடம் வடக்கே ஒரு மீன் ஆலையில் மீன்களின் தலையை வெட்டினேன். அடுத்த எட்டு வருடம், மழை ஓயாத ஒரு மேற்குக் கரை நகரத்தில், பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியைத் துப்புரவு செய்தேன். (நல்ல வேலை. காலையில் தொடங்கினால் இரண்டு மணிக்கு வீடு. ஒருவரும் அதட்டமாட்டார்கள்.) பிறகு, அம்மாவும் தங்கையும் லண்டனில் இருக்க நாங்கள் மட்டும் ஏன் இந்தக் குளிருக்குள் கிடக்கவேண்டும் என்று வசந்தி கேட்டதால் வால்தம்ஸ்டோவுக்கு வந்து சேர்ந்தோம். லண்டனிலும் குளிர்தான். ஆனால் குளிரைப் பற்றி முறைப்பட இங்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நான் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தேன்.

வசந்தியின் தங்கை சுபா ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தாள். வயது முப்பத்திரண்டு. அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் பேசிக் குழம்பியிருந்தன. முதலாவது சாதகத்தால் குழம்பியது. இரண்டாவது, மாப்பிள்ளை பகுதி பெண்ணின் நிறை எத்தனை கிலோ என்று கேட்டதால் சுபாவே குழப்பியது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கல்யாணம் என்ற சொல்லை உரத்துச் சொல்வதில்லை. இப்படி இருக்கும்போதுதான் அவளே தன் ஆஸ்பத்திரியில் கதிர் என்ற ஒருவனைக் கண்டுபிடித்தாள். மலேசியத் தமிழ்க் குடும்பம். விம்பிள்டனில் வீடு. தாய் இல்லை, தகப்பன் மட்டும். அவர் ஓம் என்றால் எல்லாம் சரி.

"அத்தான், இதை மட்டும் ஒருத்தரும் குழப்பிப்போடாதேங்கோ," என்று விம்பிள்டனுக்குப் போகும் ரயிலில் சுபா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். ஆனால் பார்த்தது என்னை.

கதிரின் தகப்பன் வேலாயுதம் ஐயா, படிக்க வந்து அப்படியே தங்கி, எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுச் சுவர் முழுக்க அகராதிகள். சோபாவில் உட்காரவே இரண்டு அகராதிகளை நகர்த்தவேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசப் போனால் ஒரு முறை இருக்கிறது. பெண்ணைப் பற்றி இரண்டு வசனம், பிறகு பெண்ணின் அக்கம்பக்கத்தில் உள்ள ஆண்களின் உத்தியோகங்கள். வசந்தி ஒன்றுவிட்ட அண்ணர்மாரில் தொடங்கி, கொழும்பில் ஒரு பெரியப்பா, கனடாவில் ஒரு மாமா என்று வந்து என்னில் நின்றாள். பெற்றோல் நிலையம் அவளுடைய வாயில் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்னதான் வரும் என்று அறிய ஆவலாக இருந்தது.

"இவர் நோர்வேயில யூனிவர்சிட்டியில எட்டு வருசம் வேலை செய்தவர்."

என் வாயில் அப்போது ஒரு முழு உழுந்து வடை இருந்தது. அதை விழுங்குவதற்குள் வேலாயுதம் ஐயா என் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"அப்படியா தம்பி? எந்தத் துறை?"

மூன்றாம் மாடி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றாம் மாடியில் இருந்தது மொழியியல் துறை. அதைச் சொன்னேன். (பொய்யில்லை. கதவில் அப்படித்தான் எழுதியிருந்தது. அந்தக் கதவைத் துடைத்ததும் நான்தான்.)

மனிதர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் நடத்தும் 'சொல்வேர் வட்டம்' மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விம்பிள்டனில் கூடுவதாகச் சொன்னார். ஆங்கிலத்தில் நானூறு சொற்களுக்குத் தமிழ் வேர் காட்டிச் சிறு புத்தகங்கள் போட்டிருந்தார். பிரெஞ்சும் ஜெர்மனும் கொஞ்சம் கொஞ்சம் முடிந்திருந்தன.

"வடக்கே மட்டும்தான் தம்பி இன்னும் போகல. ஆள் இல்லாம இருந்துச்சு. அடுத்த மாசம் நீங்க பேசணும். பெருசா ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு நோர்வீஜியக் கூட்டு வினைச்சொல், அதோட வேர். போதும்லா. அந்தக் கூட்டம் முடிஞ்ச கையோட கல்யாணத் தேதியப் பேசிடலாம்."

சுபாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து இரண்டு வருடம் இருக்கும். நான் தலையை ஆட்டினேன்.

திரும்பும் ரயிலில் வசந்தியிடம் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"என்ன பொய்யே சொன்னனான்? நீங்கள் யூனிவர்சிட்டியில வேலை செய்யேல்லையோ?"

"கூட்டித் துடைச்சனான்!"

"அதுவும் வேலைதானே."

நோர்வேயில் நான் அந்த வேலை செய்த எட்டு வருடமும் அவள் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. ஊருக்குக் கடிதம் எழுதினால் 'அவர் வேலைக்குப் போய்வருகிறார்' என்பதோடு நிறுத்திவிடுவாள்.

சரி, என்ன சொல்லை எடுப்பது? நோர்வீஜிய மொழி எனக்கு நன்றாகவே வரும். ஆனால் வேர், விழுது என்றெல்லாம் யோசித்ததில்லை. கூட்டு வினைச்சொல் என்றதும் என் தலைக்குள் வந்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்டோவ்சூகெ. 'ஸ்டோவ்' என்றால் தூசி. 'சூகெ' என்றால் உறிஞ்சுதல். லண்டன் தமிழில் சொன்னால், மெஷினால் தூசி இழுக்கிற ஹூவர் பிடிக்கிறது. மேற்பார்வைக்காரி தினமும் காலையில் ஒரு துண்டுத் தாளில் அந்தச் சொல்லை எழுதி, பக்கத்தில் அறை இலக்கங்களைப் போட்டு, கதவில் ஒட்டிவிட்டுப் போவாள். வேறெந்தச் சொல்லும் என் வாழ்க்கையில் அத்தனை தடவை என்னிடம் வந்ததில்லை.

அதன் வேரைத் தேடி வால்தம்ஸ்டோ நூலகத்துக்குப் போனேன். நோர்வே பற்றி அங்கே இருந்தது ஒரே ஒரு சுற்றுலாப் புத்தகம். மலை, கடல், மலை. நூலகப் பெண் வேண்டுமானால் வேறு கிளையிலிருந்து எடுப்பிக்கலாம், ஆறு வாரம் ஆகும் என்றாள். எனக்கு நாலு வாரம்தான் இருந்தது. அதில் மூன்று வாரத்தை, இன்னும் நாள் கிடக்கிறது என்று சொல்லியே கழித்தேன்.

கடைசிச் சனிக்கிழமை வசந்தி என்னை அப்டன் பார்க்குக்கு மரக்கறியும் கணவாய் மீனும் வாங்க அனுப்பினாள். பஸ்ஸில் எனக்கு எதிரே ஒரு தாய், மடியில் குழந்தை, குழந்தையின் வாயில் சூப்பி. அது விடாமல் சூப்பிக்கொண்டிருந்தது. நானும் வேறு வேலையில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பு. சூகெ. சூப்பு. சூகெ. எனக்குக் காது சூடாகியது. அப்படியானால் 'ஸ்டோவ்'? தூவு! தூவிக் கிடப்பதுதானே தூசி! முன்னால் ஒரு 'ஸ்' ஒட்டிக்கொண்டது வட நாட்டுக் குளிரில் பல் கிடுகிடுத்ததால் இருக்கும். தூவு, சூப்பு, ஸ்டோவ்சூகெ. மரக்கறிப் பட்டியலின் பின்பக்கத்தில், முருங்கைக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் நேர் பின்னால், எழுதத் தொடங்கினேன்.

மிச்சம் தானாக வந்தது. வைக்கிங்குகளின் கப்பல், தமிழரின் மிளகு, நடுவில் ஏதோ ஒரு துறைமுகம். ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் வேலாயுதம் ஐயா தந்த சிறு புத்தகங்களிலிருந்து 'எனக் கருத இடமுண்டு' என்ற சொற்றொடரைப் பொறுக்கிவைத்திருந்தேன். அது இருந்தால் எந்தக் கப்பலையும் எந்தத் துறைமுகத்திலும் கட்டலாம். பஸ் அப்டன் பார்க் வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. (கணவாயை மறந்துவிட்டேன். அதற்கு வாங்கிய ஏச்சு தனிக்கதை.)

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருபது, இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். இரண்டாம் வரிசையில் சுபாவும் கதிரும், மரியாதைக்கு நடுவில் உட்கார ஆளில்லாத ஒரு வெற்றுக் கதிரை விட்டு இருந்தார்கள். வேலாயுதம் ஐயா எனக்குப் பேச்சுக்கு முன்பே பொன்னாடை போர்த்திவிட்டார். பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைத் தலைமுடி அம்மாவைக் காட்டினார்.

"தம்பி, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். எங்க தெருவுல இருக்காங்க. இங்ரிட். ரிட்டயர்ட் டீச்சர். சொந்த ஊரு நோர்வே! நீங்க பேசப் பேச நான் பக்கத்துல உக்காந்து இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டே இருப்பேன்."

ஓடலாம் என்றால் பொன்னாடை கதிரைக் கையில் சிக்கியிருந்தது. வசந்தி பின்னால் இருந்து 'தொடங்குங்கோ' என்று கையைக் காட்டினாள். தொடங்கினேன்.

அந்தச் சொல்லுக்குத் 'தூசியை அகற்றுதல்' என்று மட்டும் பொருள் சொல்லிவிட்டு, இயந்திரம் ஒன்று இருப்பதையே காட்டிக்கொள்ளாமல் பேசி முடித்தேன். தூவு, சூப்பு வந்த இடத்தில் கைதட்டல் எழுந்தது. மிளகுக் கப்பலில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். வேலாயுதம் ஐயாவுக்குக் கண் கலங்கியிருந்தது. இங்ரிட் அம்மா மட்டும் நெற்றியைச் சுருக்கி, விரித்து, மறுபடி சுருக்கினார். கடைசியில் அவரையும் இரண்டு வார்த்தை பேசக் கேட்டார்கள்.

அவர் மிக மரியாதையாக ஆங்கிலத்தில் பேசினார். தன் மொழியை இவ்வளவு தூரத்தில் ஒருவர் ஆராய்வது சந்தோஷம் என்றார். ஆனால் அந்தச் சொல் மின்சாரத்தில் தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்குரிய சொல் என்றார். தனக்குத் தெரிந்தவரை முதலில் வந்தது இயந்திரம். ஜெர்மன்காரர் வைத்த பெயரைப் பார்த்துத் தூசியையும் உறிஞ்சுவதையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள். வினைச்சொல் அந்தப் பெயரிலிருந்து பிறகு உண்டானது. தன் தாய் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் வீட்டில் விளக்குமாறுதான் இருந்தது என்றும் சொன்னார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்ப வைக்கிங்குகள் கரண்டுக்கு என்ன செய்தவை?"

அதோடு விட்டிருந்தாலும் நான் தப்பியிருப்பேன். ஆனால் இங்ரிட் அம்மா, என் முகத்தைப் பார்த்து இரங்கியிருக்கவேண்டும், என் பக்கம் திரும்பி நோர்வீஜிய மொழியில் கேட்டார். "இத்தனை சொல் இருக்க இதை ஏன் எடுத்தீர்கள்?"

என்னுடைய பெரிய குறை ஒன்றை இங்கே சொல்லவேண்டும். தமிழில் நான் தேவைக்குப் பொய் சொல்வேன். ஆங்கிலத்தில் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குச் சொல்வேன். நோர்வீஜிய மொழியில் எனக்குப் பொய் சொல்ல வராது. அங்கே என்னிடம் யாரும் அப்பா யார், எந்த ஊர், என்ன உத்தியோகம் என்று கேட்டதில்லை. அதனால் பழக்கமில்லாமல் போய்விட்டது. கேட்ட கேள்விக்கு உள்ளபடி பதில் வந்தது. எட்டு வருடம் இதைத்தான் செய்தேன் என்றேன். பதினான்கு அறைகள் என்றேன். படித்துக்கொண்டே இரண்டு கால்களையும் தூக்கித் தரும் பேராசிரியரைப் பற்றிச் சொன்னேன். ஹூவரின் வெடித்த குழாயை டேப் சுற்றி இரண்டு வருடம் ஓட்டியதைச் சொன்னேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். லண்டனுக்கு வந்த பிறகு என் வேலையைப் பற்றி யாரும் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து நிமிடம் எனக்கு மண்டபமே மறந்துபோனது.

அந்த அம்மா சந்தோஷத்தோடு சபையின் பக்கம் திரும்பி, ஒன்றையும் விடாமல், அவ்வளவையும் ஆங்கிலத்தில் சொன்னார். பதினான்கு அறைகளையும் சொன்னார். டேப்பையும் சொன்னார்.

வசந்தி கூரையைப் பார்த்தாள். சுபா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள், மூன்றாவதும் போய்விட்டது என்று தெரிந்துகொண்டவள் பார்ப்பதுபோலப் பார்த்தாள். வேலாயுதம் ஐயா எழுந்து தொண்டையைச் செருமினார். "டீ இருக்கு. எல்லாரும் குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

மூன்று வாரம் விம்பிள்டனிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பா அறைக்குள்ளேயே இருக்கிறார், பேசுகிறார் இல்லை என்று கதிர் சுபாவிடம் சொன்னானாம். சுபா வேலைக்குப் போனாள், வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டபோது "பரவாயில்லை அத்தான்" என்றாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்ட பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாலாவது சனிக்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. வேலாயுதம் ஐயா, கையில் ஒரு தடித்த பைலோடு நின்றார். நான் பனியனோடு நின்றேன். உள்ளே இருத்தி, "ஐயா, என்ர வேலையைப் பற்றி மறைச்சதுக்கு..." என்று தொடங்கினேன். அவர் கையை வீசித் தடுத்தார்.

"வேலையா? எங்கப்பா எஸ்டேட்ல ரப்பர் பால்மரம் வெட்டுனவரு. நான் படிக்கறப்போ இங்க தட்டு கழுவியிருக்கேன். அது கெடக்கட்டும் தம்பி, இதப் பாருங்க."

பைலைத் திறந்தார். பத்தொன்பது பக்கம். அத்தனையும் என்னுடைய தூவுக்கும் சூப்புக்கும் ஆதரவாக!

"மெஷின் புதுசு, சரி. ஆனா மெஷின் பேருக்குள்ள இருக்கற ரெண்டு சொல்லும் பழசுதானே? அந்தம்மாவுக்கு அந்த மொழி பேசத்தான் தெரியும். பேசறவங்களுக்கு வேர் எப்படித் தெரியும்? கோலாலம்பூர்ல ஒரு பத்திரிகைக்கு அனுப்பப்போறேன். நம்ம ரெண்டு பேர் பேர்லயும். நீங்க சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டா, அப்படியே கல்யாணத் தேதியும் முடிச்சிடலாம்."

குசினி வாசலில் கறிக் கரண்டியோடு நின்ற வசந்தி 'ஓம் எண்டு சொல்லுங்கோ' என்று முழுத் தலையாலும் சைகை காட்டினாள். படிக்கட்டில் சுபா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓம் என்ற ஒரு சொல்தான். அதற்கு ஏன் எனக்கு வாய் வரவில்லை என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. நேர்மை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் நடந்திருந்தேன். இனிப் பத்தொன்பது பக்கத்தையும் சேர்த்துத் தூக்க எனக்கு ஏலாது.

"ஐயா, அது ஆராய்ச்சி இல்லை. பஸ்ஸில ஒரு குழந்தை சூப்பி சூப்பிறதைப் பாத்து நான் கட்டினது."

"மிளகுக் கப்பல்?"

"அதுவும்தான்."

"கருத இடமுண்டுன்னு சொன்னீங்களே?"

"அது உங்கட புத்தகத்தில இருந்து எடுத்தனான், ஐயா."

அவர் பைலை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்று வாரமாக மனிதர் சந்தோஷமாக இருந்திருக்கிறார். கடைசியில் எழுந்து சொன்னார். "சபையில சொன்னத சபையிலதான் தம்பி திருத்தணும். அடுத்த கூட்டத்துல வந்து இல்லன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் தேதி."

அடுத்த கூட்டத்துக்கு அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். சுபாவுக்கும் கதிருக்கும் நடுவில் இருந்த வெற்றுக் கதிரையில் மட்டும் மரியாதைக்கு ஒருவரும் உட்காரவில்லை. நான் மேடையில் ஏறி, சூப்பியில் தொடங்கி மிளகு வரை எல்லாம் பொய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் பேசியதே இல்லை. முடித்ததும் மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் எழும்பினார்.

"தம்பி, வெள்ளைக்காரி ஒராள் வந்து சொன்னவுடன பயந்துபோய் உண்மையைக் கைவிடாதேங்கோ. நாங்கள் இருக்கிறம்!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். நான் இல்லை, இல்லை என்று கையை ஆட்ட ஆட்ட, 'என்ன தன்னடக்கம்' என்று இன்னும் தட்டினார்கள். யாரோ ஓடிவந்து இரண்டாவது பொன்னாடையைப் போர்த்தினார். வேலாயுதம் ஐயா மைக்கைப் பிடித்து "அவரு சொல்றது நெசம், கேளுங்க" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை. பிறகு வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"விடுங்க மாப்பிள்ளை," என்றார்.

அதுவரை நான் அவருக்குத் தம்பி, உறவுமுறை வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் மாப்பிள்ளை என்று சொன்னதை இரண்டாம் வரிசையில் சுபா கேட்டுவிட்டாள். நடுவில் இருந்த வெற்றுக் கதிரையில் கதிர் நகர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

நாலைந்து வருடம் கழித்து, சுபாவின் மகளுடைய பிறந்தநாள் விழாவில், எனக்குப் பக்கத்தில் ஒரு முன்பின் தெரியாத மனிதர் வந்து அமர்ந்தார். பொரித்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டே என்னோடு கதைக்கத் தொடங்கினார்.

"நோர்வேக்காரர் தூசி உறிஞ்சிறதுக்கு ஒரு சொல் வைச்சிருக்கினம். அது முழுக்க எங்கட தமிழ், தெரியுமோ? தூவு, சூப்பு!"

மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. "ஓம் அண்ணை," என்றேன்.

"கண்டுபிடிச்சது எங்கட ஆள்தான். நோர்வேயில பெரிய பேராசிரியராய் இருந்தவராம். பாவம், இப்ப உயிரோட இல்லை."

எனக்கு அடுத்த கதிரையில் இருந்த வசந்தி அதை முழுக்கக் கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் என் பெயர் காலஞ்சென்ற பேராசிரியர். விம்பிள்டனிலிருந்து போன் வந்தாலும் "காலஞ்சென்றவர் நிக்கிறாரோ?" என்றுதான் சுபா கேட்பாள். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் வசந்தி படிக்கட்டின் அடியில் நின்று சத்தம் போடுவாள்.

"காலஞ்சென்ற பேராசிரியர் எழும்பிவிட்டாரெண்டால், வந்து முன் ஹோலை ஒருக்கா ஹூவர் பிடிச்சுவிடச் சொல்லுங்கோ!"

எழும்பிப் போய்ப் பிடிக்கிறேன்.